ஆடலாம், ஆட்டுவிக்கலாமா?

போன மாதம் எங்கள் பக்கத்துக் காலனி ஒன்றில் அம்பேத்கர் படிப்பகத்தின் ஆண்டு விழா. பேச்செல்லாம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி பக்கத்தில் வந்து அமர்ந்தார். பகலில் பெயிண்ட் அடிக்கும் வேலை. மாலையில் ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலில் முப்பது பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறார். அம்மாவின் மகளிர் குழுக் கடனில் பணம் எடுத்து, பயிற்சியாளருக்கான 'டி' லைசென்ஸ் முடித்திருக்கிறார். கைப்பேசியைத் துடைத்துவிட்டு அந்தச் சான்றிதழைக் காட்டினார்.

அதற்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் மாலை நேரத்தில் பயிற்சி கொடுத்தவர் அவர். மாதச் சம்பளம் என்று ஒன்றுமில்லை, பெட்ரோலுக்குக் காசு. அவர் தயார் செய்த அணி ஒரு போட்டியில் கோப்பை வாங்கியது. மேடையில் 'கோச்' என்று அழைக்கப்பட்டு மாலை வாங்கிக்கொண்டவர் வேறொருவர். கேட்டதற்கு, "உன்கிட்ட சர்டிபிகேட் இல்லையேப்பா" என்றார்களாம். சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு போனபோது, "இப்போதைக்கு இடமில்லை" என்றார்களாம்.

அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "அண்ணே, இதுக்கு மேல சி, பி, ஏ, கடைசியா ப்ரோன்னு ஒண்ணு இருக்கு. அதெல்லாம் முடிச்சா நம்மள நம்பி ஒரு டீம குடுப்பாங்களா?"

'குடுப்பாங்க தம்பி' என்று சொல்லிவிட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. 'குடுக்க மாட்டாங்க' என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்தத் தம்பி சொன்ன ப்ரோ லைசென்ஸ் உலகிலேயே மிகுந்த மதிப்போடு இருப்பது ஐரோப்பாவில். கறுப்பர்கள் பல்லாயிரக்கணக்கில் கால்பந்து ஆடும் நாடு இங்கிலாந்து. அங்கே அந்தச் சான்றிதழ் யாருக்கு எந்தக் கதவைத் திறந்தது என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

படிக்கட்டு

முதலில் அது என்ன படிப்பு என்று பார்ப்போம். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கங்களின் ஒன்றியமான யூஃபா, பயிற்சியாளர்களுக்கான படிப்பைப் படிப்படியாக வைத்திருக்கிறது. சி, பி, ஏ என்று ஏறி, உச்சியில் ப்ரோ. சிறு பிள்ளைகளுக்குப் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுப்பதில் தொடங்கும் படிப்பு, மேலே போகப் போக வேறு வடிவம் எடுக்கிறது. ப்ரோ நிலைக்கு வருகிறவருக்குப் பந்தை எப்படி உதைப்பது என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. இருபத்தைந்து முப்பது ஆட்டக்காரர்களையும் உதவிப் பயிற்சியாளர்களையும் எப்படி வழிநடத்துவது, கிளப் முதலாளியிடம் எப்படிப் பேசுவது, பத்திரிகையாளர்களை எப்படிச் சந்திப்பது, தொடர்ந்து தோற்கும்போது அணியை எப்படிக் கட்டிக்காப்பது என்பவைதான் அங்கே பாடம். சுருக்கமாகச் சொன்னால் அது தலைமைக்கான படிப்பு.

இங்கிலாந்தில் இந்தப் படிப்பை நடத்துவது அந்நாட்டின் கால்பந்துச் சங்கம். பர்ட்டன் நகருக்கு அருகே, 2012-இல் திறக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் பார்க் என்னும் தேசியப் பயிற்சி மையத்தில் வகுப்புகள் நடக்கின்றன. ஐரோப்பிய நாடுகளின் முதல்நிலைப் போட்டிகளில் ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருக்க இந்த ப்ரோ சான்றிதழ் வேண்டும். இங்கிலாந்தில் அந்தப் பதவிக்கு 'மேனேஜர்' என்று பெயர். எந்தப் பதினொருவர் ஆடுவது, யார் வெளியே உட்காருவது, எப்படி ஆடுவது எல்லாம் அவர் சொல்வதுதான்.

இந்தப் படிக்கட்டில் ஓர் இடக்கு இருக்கிறது. ப்ரோ படிப்புக்குப் போக ஏ சான்றிதழ் இருந்தால் மட்டும் போதாது. அதற்குப் பின் குறைந்தது ஓராண்டாவது பயிற்சியாளராக வேலை பார்த்திருக்க வேண்டும். இடங்களும் கொஞ்சம்தான், விண்ணப்பித்தவர்களில் இருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கட்டணமோ பெரிய தொகை. ஆக, வேலை கிடைக்கச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கிடைக்க வேலை வேண்டும். முதல் வேலையை யார் கொடுப்பது? அதை எந்த விதியும் சொல்லவில்லை. முதல் வேலை கிடைப்பது தெரிந்தவர்கள் வழியாகத்தான். கூட ஆடிய நண்பர், பழைய மேனேஜர், முதலாளியோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும் ஆள் என்று அந்த வழி போகிறது. 'அனுபவம் வேண்டும்' என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, முதல் அனுபவத்துக்கு எங்கே போவது என்று திகைத்து நின்ற நம் வீட்டுப் பட்டதாரிகளுக்கு இந்த இடக்கை நான் விளக்க வேண்டியதில்லை.

களத்தில் 43, இருக்கையில் 4

இங்கிலாந்தின் 'பிளாக் ஃபுட்பாலர்ஸ் பார்ட்னர்ஷிப்' என்ற அமைப்புக்காகப் பொருளாதார அறிஞர் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கி தயாரித்த அறிக்கை ஒன்று 2022-இல் வெளிவந்தது. அதன் கணக்குப்படி பிரீமியர் லீக்கில் ஆடுகிறவர்களில் 43 விழுக்காட்டினர் கறுப்பர்கள். ஆனால் மேனேஜர் சார்ந்த பொறுப்புகளில் இருப்பவர்களில் கறுப்பர்கள் 4.4 விழுக்காடு. ஓடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர். ஓடச் சொல்கிறவர்களில் இருபதில் ஒருவர்கூட இல்லை.

இது நேற்று வந்த வழக்கம் இல்லை. 1960-இல் ரோச்டேல் என்ற சிறு கிளப்பின் மேனேஜராக டோனி காலின்ஸ் பொறுப்பேற்றார். இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் முதல் கறுப்பின மேனேஜர் அவர்தான். நான்காம் பிரிவில் கிடந்த அந்த அணியை 1962-இல் லீக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். அந்தச் சாதனைக்குப் பிறகு பெரிய கிளப்புகள் அவரைத் தேடி வந்திருக்க வேண்டும். வந்தார்கள், நல்ல ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் வேலைக்கு. அவருடைய கண்ணை நம்பினார்கள்; தலைமையை நம்பவில்லை.

ஹோப் பவல் கதை வேறு மாதிரி. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் பெண். இங்கிலாந்து அணிக்கு ஆடியவர். 1998-இல், 31 வயதில், இங்கிலாந்துப் பெண்கள் அணியின் பயிற்சியாளரானார். 2003-இல் யூஃபா ப்ரோ சான்றிதழ் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2009-இல் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு அணியைக் கொண்டுசென்றார். பதினைந்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு கறுப்பினப் பெண்ணிடம் முதல் வாய்ப்பும் போதிய காலமும் கொடுக்கப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு அவர் சாட்சி. இந்தப் பத்தியைப் படிக்கும் மாணவிகள் அந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காக விதி வளைகிறது?

'சான்றிதழ் இல்லையே' என்ற சொல் எவ்வளவு உறுதியானது என்று பார்க்க வேண்டும். அது சிலரிடம் இரும்பு, சிலரிடம் ரப்பர்.

இத்தாலியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஆண்ட்ரியா பிர்லோவை 2020 ஆகஸ்டில் யுவென்டஸ் கிளப் தன் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அப்போது அவர் ப்ரோ படிப்பை முடித்திருக்கவில்லை. ஒரு மூத்தோர் அணிக்கு அதற்கு முன் ஓர் ஆட்டத்தில்கூடப் பயிற்சியாளராக நின்றதில்லை. மறுமாதம்தான் ஆய்வேட்டைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார். நாற்காலி முதலில், தேர்வு பிறகு.

பிரான்சில் ரெய்ம்ஸ் கிளப் 2022-இல் முப்பது வயது வில் ஸ்டில்லைப் பயிற்சியாளராக அமர்த்தியது. அவரிடமும் ப்ரோ சான்றிதழ் இல்லை. அதனால் அவர் பொறுப்பில் நிற்கும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அந்த கிளப் 25,000 யூரோ அபராதம் கட்ட வேண்டியிருந்தது. கட்டினார்கள். அவர் நன்றாகவே அணியை நடத்தினார். பல ஆட்டங்கள் தோற்காமல் தொடர்ந்தது. அந்த இளைஞரின் திறமையை நான் குறைசொல்லவில்லை. நான் பார்ப்பது வேறு. ஒருவர் மேல் நம்பிக்கை வைத்துவிட்டால் சான்றிதழ் இல்லாத குறையைப் பணம் கட்டியாவது சரிசெய்ய முடிகிறது.

இங்கிலாந்தில் இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருவர் கரெத் சவுத்கேட், வெள்ளையர். இன்னொருவர் பால் இன்ஸ், கறுப்பர். இருவரும் இங்கிலாந்து அணிக்கு ஆடியவர்கள். 1993-இல் இங்கிலாந்து அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பர் இன்ஸ்தான்.

சவுத்கேட் 2006-இல் ஆட்டக்காரராக இருந்த மிடில்ஸ்பரோ கிளப்பிலேயே நேராக மேனேஜரானார். ப்ரோ சான்றிதழ் இல்லை. மேனேஜர்களின் சங்கம் எதிர்த்தும், பிரீமியர் லீக் விலக்கு அளித்தது. இன்ஸ் அப்படி நேராக வரவில்லை. மெக்கிள்ஸ்ஃபீல்டு என்ற சின்னஞ்சிறு கிளப்பில் தொடங்கி, கீழே விழ இருந்த அந்த அணியைக் காப்பாற்றினார். அடுத்து மில்டன் கீன்ஸ் டான்ஸ் அணியை நான்காம் நிலைப் பிரிவில் சாம்பியனாக்கினார். அதன் பிறகே 2008-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அவரை அழைத்தது. பிரீமியர் லீக்கில் மேனேஜரான முதல் பிரிட்டன் கறுப்பர் அவர். அவரிடமும் ப்ரோ சான்றிதழ் இல்லை. அவருக்கும் விலக்குக் கிடைத்தது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கதவு அவருக்கு மூடியே இருந்தது என்று எழுதினால் பொய்.

வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. இன்ஸின் அணி சரியாக ஆடவில்லை. 17 லீக் ஆட்டங்களில் மூன்றில்தான் வென்றது. அந்த டிசம்பரிலேயே அவரை வெளியேற்றினார்கள். அதன்பிறகு எந்தப் பிரீமியர் லீக் அணியும் அவரை மேனேஜராக்கவில்லை. சவுத்கேட்டுக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தது. 2009-இல் அவருடைய அணி பிரீமியர் லீக்கிலிருந்தே கீழே இறங்கியது. அந்த அக்டோபரில் வேலை போனது. ஆனால் பாதை மூடவில்லை. 2013-இல் இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணி, 2016-இல் இங்கிலாந்தின் முதன்மை அணி என்று உயர்ந்தார். தோல்வி அவருக்கு அனுபவமாகக் கணக்கு வைக்கப்பட்டது. இன்ஸுக்கு அது தீர்ப்பாக எழுதப்பட்டது.

இரண்டு பேரை வைத்து ஒரு நாட்டை எடைபோட முடியாதுதான். இருவரின் திறமையும் ஒரே அளவு என்று நான் வாதாடவும் இல்லை. ஆனால் 43-க்கும் 4.4-க்கும் இடையில் இருக்கும் பள்ளத்தில் இப்படி எத்தனை கதைகள் புதைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தோற்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. ஒரு முறை தவறிவிட்டு, எழுந்து, மறுபடியும் முயல்வதற்கான உரிமை. அது எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. நம் வீட்டுப் பிள்ளை முதல் தலைமுறையாக ஓர் அலுவலக இருக்கையில் உட்கார்ந்து ஒரு கோப்பில் தவறு செய்தால், தவறு அந்தப் பிள்ளையோடு நிற்பதில்லை. 'கோட்டாவில் வந்தவர்கள் இப்படித்தான்' என்று ஒரு சமூகத்தின் மேலேயே ஏற்றப்படுகிறது.

'அனுபவம்' என்ற பூட்டு

சான்றிதழும் இருந்து, வெற்றியும் இருந்தால்? கிறிஸ் ஹியூட்டன் கதையைக் கேளுங்கள். அயர்லாந்து அணிக்கு ஆடியவர். தந்தை கானா நாட்டவர். டாட்டன்ஹாம் கிளப்பில் 1993 முதல் 2007 வரை பயிற்சியாளர் குழுவில் இருந்தார். 2009-இல் பிரீமியர் லீக்கிலிருந்து கீழே விழுந்த நியூகாசில் யுனைடெட்டை ஏற்று, ஒரே பருவத்தில் இரண்டாம் பிரிவின் சாம்பியனாக்கி மேலே கொண்டுவந்தார். 2010 டிசம்பரில், அணி பட்டியலின் நடுவில் பத்திரமாக இருந்தபோது, அவரை நீக்கினார்கள். கிளப் சொன்ன காரணம், மேனேஜராகக் கூடுதல் அனுபவம் உள்ளவர் தேவை என்பது.

அவர் பின்னர் பிரைட்டன் அணியை 2017-இல் பிரீமியர் லீக்குக்குக் கொண்டுவந்து தன்னை மறுபடியும் நிரூபித்தார். நாம் கவனிக்க வேண்டியது அந்த ஒரு சொல்லை. சான்றிதழ் இல்லாதவரிடம் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் இருந்தால் அனுபவம் கேட்பார்கள். அனுபவமும் இருந்தால் 'கூடுதல் அனுபவம்' கேட்பார்கள். பூட்டு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. நாம் ஒவ்வொரு முறையும் பழைய சாவியோடு போய் நிற்கிறோம்.

இதற்கு மறுப்பும் உண்டு. வின்சென்ட் கோம்பனி என்ற பெல்ஜியக் கறுப்பர் பர்ன்லி அணியின் மேனேஜராக இருந்தார். அந்த அணி 2024-இல் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. இறங்கிய சில நாள்களிலேயே ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. எல்லாக் கதவும் எல்லா நேரமும் மூடியிருப்பதில்லை என்பதற்கு இது சான்று. மகிழ்ச்சிதான். ஆனால் கோம்பனி மான்செஸ்டர் சிட்டி அணிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்து உலகறிந்தவர். உலகறிந்த ஒருவர் உள்ளே போவதை வைத்து, ஊரறிந்த நூறு பேர் வெளியே நிற்பதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

நம் முன்னோர் ஒருவர்

நிறமும் சாதியும் ஒன்றல்ல. வரலாறு வேறு, வலி வேறு. ஆனாலும் இரண்டும் விளையாட்டில் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன. உடலைக் கொடு, வாங்கிக்கொள்கிறோம், தலையைக் காட்டாதே. இந்தக் கோட்டை நம்மவர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே கண்டார்.

பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாரில், தோல் தொழில் செய்யும் தீண்டப்படாத சாதி ஒன்றில் பிறந்தவர். புனேயில் ஐரோப்பியர்களின் கிரிக்கெட் கிளப்பில் ஆடுகளத்தைப் பெருக்கி, உருளை இழுக்கும் வேலை பார்த்தவர். வெள்ளைக்கார மட்டையாளர்கள் பயிற்சி எடுக்கப் பந்து வீசி வீசியே தேர்ந்த சுழற்பந்து வீச்சாளரானார். அந்த வெள்ளையர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசையில் இந்துக்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்தில் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண் குவளையில் தேநீர்.

1911-இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் ஆடி நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். சிறந்த பந்துவீச்சாளர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அணித் தலைமை? ஆண்டுக்கு ஆண்டு அவரைத் தாண்டி வேறொருவருக்குப் போனது. 1920-இல் அதைக் கண்டித்து அவருடைய தம்பிகள் விட்டலும் சிவராமும் அணியைவிட்டு விலகினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகுதான் பாலு துணைத் தலைவராக்கப்பட்டார். 1923-இல் தம்பி விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார். அண்ணனின் விக்கெட்டுகள் பெற்றுத்தராத தலைமையைத் தம்பிக்குப் பெற்றுத்தந்ததில் அந்தக் கண்டனத்துக்கும் பங்கு உண்டு.

பாலு பின்னாளில் அரசியலில் 1937 தேர்தலில் அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றவர். அந்த முரண்பாட்டைத் தனியாகப் பேச வேண்டும். இங்கே அவர் வாழ்க்கை சொல்லும் பாடம் ஒன்றுதான். திறமை ஆட வைத்தது. ஆட்டுவிக்கும் இடத்துக்குப் போகக் கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

இங்கே என்ன செய்யலாம்?

இந்தியாவிலும் இதே படிக்கட்டுத்தான். ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முறைப்படி, அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் டி-யில் தொடங்கி சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்புகளை வைத்திருக்கிறது. இந்தியன் சூப்பர் லீக்கில் ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக ப்ரோ அல்லது அதற்கு நிகரான சான்றிதழ் தேவை.

இந்த லீக் 2014-இல் தொடங்கியது. ஓர் இந்தியர் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரானது 2021-இல்தான். நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியில் காலித் ஜமீல். அதற்கு முன்பே, 2017-இல், மிசோரமின் சிறிய அணியான ஐசாலை ஐ-லீக் சாம்பியனாக்கியவர் அவர். 2025-இல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளரானார். ஏழு ஆண்டுகள் எல்லா அணிகளும் வெளிநாட்டவரையே தலைமைக்குத் தேடியபோது, 'இந்தியர்களுக்கு ஆடத்தான் தெரியுமா, ஆட்டுவிக்கத் தெரியாதா?' என்று கால்பந்து ரசிகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் எங்கள் காலனித் தம்பியும் கேட்கிறார், ஒரு படி கீழே நின்று.

இங்கிலாந்தில் சில மாற்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்தில் 2003-இல் வந்த 'ரூனி விதி'யைப் பின்பற்றி, மேனேஜர் பதவிக்கு நேர்காணல் நடத்தும்போது கறுப்பினத்தவர் அல்லது சிறுபான்மையினர் ஒருவரையாவது அழைக்க வேண்டும் என்ற முறையை 2016 முதல் சில கிளப்புகளில் சோதித்துப் பின்னர் விரிவாக்கினார்கள். அதில் ஓட்டை இருந்தது. நேர்காணலே நடத்தாமல் நேராக ஒருவரை அமர்த்தினால் விதி பொருந்தாது. எனவே 2020-இல் இன்னொரு திட்டம் வந்தது. கறுப்பின, ஆசிய, கலப்பின ஆட்டக்காரர்களில் ஆண்டுக்கு ஆறு பேர் வரை தேர்ந்தெடுத்து, 23 மாதங்கள் சம்பளத்தோடு கிளப்புகளில் பயிற்சியாளர் வேலையில் அமர்த்துவது. சான்றிதழுக்கு வேலை, வேலைக்குச் சான்றிதழ் என்ற வட்டத்தை உடைப்பது இதுதான். எண்ணிக்கை சிறிது, திசை சரியானது.

நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, கட்டணம். பட்டியல் சாதி, பழங்குடி இளைஞர்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் தாட்கோ, கால்பந்துப் பயிற்சியாளர் படிப்பின் கட்டணத்தையும், அந்த நாள்களில் இழக்கும் கூலியையும் ஏற்க வேண்டும். பெயிண்ட் அடிப்பவருக்கு ஒரு வாரப் படிப்பு என்பது ஒரு வாரக் கூலி.

இரண்டு, மொழி. கீழ்நிலைப் படிப்புகளின் வகுப்பும் தேர்வும் மாவட்டத் தலைநகரங்களிலேயே தமிழில் நடக்க வேண்டும். பந்தை நிறுத்தத் தெரிந்தவன் ஆங்கிலத்தில் தடுமாறுகிறான் என்பதற்காகத் தோற்கக் கூடாது.

மூன்று, முதல் வேலை. அரசுப் பணிகளில் தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளுக்கு 18 விழுக்காடும், பழங்குடிகளுக்கு ஒரு விழுக்காடும் இடம் இருக்கிறது. தனியார் பள்ளி அணிக்கும், அகாடமிக்கும், கிளப்புக்கும் அது இல்லை. குறைந்தது அரசு மைதானத்தைப் பயன்படுத்தும், அரசு உதவி பெறும் அணிகளாவது பயிற்சியாளர் பணியிடத்தை வெளிப்படையாக அறிவித்து, நேர்காணல் நடத்தி நிரப்ப வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், யாரை எடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

நான்கு, நம் பெண் பிள்ளைகள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. ஆடி முடித்த அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள்? கல்யாணம், காவல் துறை வேலை, வீடு. அவர்களில் ஆண்டுக்குப் பத்துப் பேரைப் பயிற்சியாளர் படிப்பில் சேர்த்தால், பத்தாண்டில் நூறு பெண்கள் விசிலோடு மைதானத்தில் நிற்பார்கள். ஊர்ப் பெண் பிள்ளைகளைத் தயக்கமில்லாமல் மைதானத்துக்கு அனுப்ப அதுவே வழி.

அதுவரை சான்றிதழ் எதற்கு என்று விட்டுவிடலாமா? கூடாது. சான்றிதழ் மட்டும் போதாது என்பதற்கும், சான்றிதழ் வேண்டாம் என்பதற்கும் நிறைய தூரம். அது இல்லாதபோது 'தகுதி இல்லை' என்று சொல்லி நம்மை அனுப்பிவிடலாம். கையில் இருந்தால், மறுப்பவர் வேறு காரணம் தேட வேண்டும். ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தீரும்போது, உண்மையான காரணம் வெளியே வந்துதான் ஆகும். அப்போதுதான் அதோடு நேருக்கு நேர் நிற்க முடியும். கற்பி, ஒன்றுசேர், போராடு என்ற மூன்றில் முதலாவதோடு நின்றுவிட்டால் பாலுவைப் போலக் காத்திருக்க வேண்டியதுதான். அவருடைய தம்பிகள் மற்ற இரண்டையும் செய்தார்கள்.

அந்தத் தம்பிக்கு அன்று நான் சொன்னது இவ்வளவுதான்: "சி லைசென்ஸ் எழுதுங்க. தனியா போகாதீங்க, இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போங்க. அந்தப் பள்ளிக்கூடத்துல பயிற்சி கொடுத்ததுக்கு நாள், தேதி, போட்டோ எல்லாம் எடுத்து வைங்க. அடுத்த தடவை 'இடமில்லை'ன்னா, எழுத்துல குடுங்கன்னு கேளுங்க."

அவர் தலையாட்டிவிட்டு எழுந்தார். மாலை ஐந்தாகியிருந்தது. பொட்டலில் பிள்ளைகள் பந்தோடு காத்திருந்தார்கள்.